மீண்டவருக்குக் காய்ச்சல் இல்லை

கண்டக்டருக்கு இரண்டாவது முறையாகக் காய்ச்சல் வந்தது. வந்திருக்கக் கூடாது. இனி வராது என்று காய்ச்சல் ஒழிப்பு வாரியம் அவருக்கு உத்தரவாதம் கொடுத்திருந்தது; அதற்கு அடையாளமாக இடது மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டையும் கட்டிவிட்டிருந்தது. கிருமிக்கு வாரியத்தின் உத்தரவைப் படிக்கத் தெரியாது என்பதைத் தவிர, இந்த ஏற்பாட்டில் யாரும் ஒரு குறை சொல்லிவிட முடியாது.

விஷயம் முதலில் விசிலில் தெரிந்தது. காய்ச்சல் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, சில்லறைத் தகராறு கிடையாது. தெருத் தெருவாக நின்று நோயாளிகளை ஏற்றிக்கொண்டு போய் வாரியத்தின் தனி விடுதியில் இறக்கிவிட வேண்டும். ஆள் ஏறியதும் ஒரு விசில், இறங்கியதும் ஒரு விசில். அன்று மதியம் ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாக ஏற்றி உட்காரவைத்துவிட்டு ஊதினார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. மறுபடியும் ஊதினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்தார்.

"என்னண்ணே, விசில் செத்துப்போச்சா?"

"விசிலுக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் மூச்சு பத்தல."

சொல்லிக்கொண்டே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவர், ஒன்றைக் கவனித்தார். பஸ்ஸில் டீசல் வாசனை இல்லை. இருபது வருடமாக அவர் சட்டையிலும் தலைமுடியிலும் குடியிருந்த வாசனை, சொல்லாமல் கொள்ளாமல் காலி செய்துகொண்டு போயிருந்தது. போன முறையும் இப்படித்தான், முதலில் வாசனை போனது, பிறகு காய்ச்சல் வந்தது. விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தன்னை நினைத்துப் பயப்படவில்லை. அவர் மனைவிக்கு மாற்றுச் சிறுநீரகம். அவளுடைய அக்கா கொடுத்தது. அந்நிய உறுப்பை உடம்பு விரட்டிவிடாமல் இருக்க, உடம்பின் எதிர்ப்பையே மட்டுப்படுத்தும் மாத்திரைகளை அவள் காலையும் மாலையும் விழுங்குகிறாள். "வீட்டுக்குள்ள ஒரு தும்மல்கூட வரக்கூடாது. அவங்களுக்கு இது வந்தா தாங்க மாட்டாங்க" என்று டாக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். வீடோ ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும். முந்தின நாள் மாலையில்தான் இரண்டு பேரும் ஒரே டம்ளர் டீயைப் பாதிப் பாதியாகக் குடித்தார்கள்.

முதல் முறை காய்ச்சல் வந்தபோது இந்தக் கவலை இல்லை. பஸ் ஏறி நேராகத் தனி விடுதிக்குப் போய்விட்டார். கட்டில், ஜன்னல், கதவடியில் தள்ளிவிடும் சாப்பாடு. குணமான பிறகுதான் வீட்டுப் பக்கம் தலைகாட்டினார். மனைவிக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போதும் அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்: அவள் இல்லாத இடத்தில் ஒரு கட்டில்.

ஆனால் முதல் முறை குணமானபோது வாரியம் ஒரு விழா எடுத்திருந்தது. குணமானவர்களுக்கு 'மீண்டவர்கள்' என்று பெயர் சூட்டி, மேடையில் வரிசையாக நிற்கவைத்துத் தலைவர் பேசினார். "நீங்க இனிமே நோயாளிங்க இல்ல. எங்க சாதனை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மீண்டவர்களுக்கு ஆறு மாதம் எதிர்ப்பாற்றல் உண்டு என்று அங்கேயே அறிவித்தார். காய்ச்சல் பஸ்ஸில் வேலை செய்ய அவர்களைவிடப் பொருத்தமான ஆட்கள் யார்? கண்டக்டர் அப்படித்தான் அந்தப் பஸ்ஸில் ஏறினார். முகக்கவசம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். மீண்டவர் கவசம் போட்டால் வாரியத்தின் மேல் நம்பிக்கை இல்லை என்று ஜனங்கள் நினைக்க மாட்டார்களா?

ஆறு மாதம் முடியும் சமயத்தில் பஸ்ஸுக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. வாரியம் அவசரமாகக் கூடி, மீண்டவர்களின் எதிர்ப்பாற்றலை ஒரு வருடமாக நீட்டித்தது. யாருடைய ரத்தத்தையும் எடுத்துப் பார்க்கவில்லை. கூட்டத்தில் கை தூக்கினார்கள், நீண்டுவிட்டது. பட்டையில் இருந்த தேதியைத் திருத்த ஓர் ஊழியர் பேனாவோடு டிப்போவுக்கு வந்தார். கண்டக்டருக்கு அப்போது பதவி உயர்வு கிடைத்த மாதிரிகூட இருந்தது. மனைவியிடம் பட்டையைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டார். அவள், "பேனாவுல எழுதினா ஒடம்புக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டாள். படிக்காதவள் பேச்சு என்று அவர் சிரித்துவிட்டார். அவள் பன்னிரண்டாம் வகுப்பு, இவர் பத்து.

இப்போது சிரிப்பு வரவில்லை. விடுதியில் நோயாளிகள் இறங்கியதும் கண்டக்டரும் அவர்களோடு இறங்கி வரிசையில் நின்றார்.

வரவேற்பு கவுண்ட்டரில் இருந்த பெண் அவருடைய பட்டை எண்ணைக் கணினியில் தட்டினாள். கணினி ஒரு முறை கூவியது.

"அண்ணே, நீங்க மீண்டவரு. உங்களுக்குக் காய்ச்சல் இல்ல."

"தொட்டுப் பாரும்மா, அடுப்பு மாதிரி கொதிக்குது."

"கொதிக்கலாம்ணே. ஆனா காய்ச்சல் இல்ல. உங்க எதிர்ப்பாற்றல் இன்னும் முடியலையே. முடிஞ்சப்புறம் வாங்க, உடனே பதிஞ்சுக்கறேன்."

"முடிஞ்சதாலதானம்மா வந்திருக்கு?"

அந்தப் பெண் பரிதாபமாகப் பார்த்தாள். கெட்டவள் இல்லை. கணினித் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். மீண்டவர் எண்ணைப் போட்டால் அடுத்த கட்டத்துக்குப் போகிற பொத்தானே வருவதில்லை. "நானும் எவ்வளவோ பேருக்கு அமுக்கிப் பாத்துட்டேன்ணே. வர மாட்டேங்குது" என்றாள். எவ்வளவோ பேரா என்று கண்டக்டர் கேட்பதற்குள் அவளுக்குத் தன் வாய் சறுக்கிவிட்டது தெரிந்து, "அடுத்தவங்க வாங்க" என்றாள்.

பரிசோதனை அறையில் இருந்தவர் பழைய பழக்கம். பஸ்ஸில் கூடவே வந்து போகிறவர். வராந்தாவில் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டுக் கண்டக்டரின் மூக்கில் குச்சியை விட்டுச் சுழற்றினார். சிறிது நேரத்தில் இரண்டு கோடுகள் தெரிந்தன. சந்தேகமில்லை, காய்ச்சல்தான். அப்போது உள்ளே வந்த விடுதி மேற்பார்வையாளர் அதைக் கண்டு பதறிப்போனார். கண்டக்டரைப் பார்த்து அல்ல, குச்சி இருந்த பெட்டியைப் பார்த்து.

"மீண்டவருக்குக் கோடு காட்டுதுன்னா கருவி கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். இந்தப் பெட்டிய மத்ததோட வெக்காதீங்க. தனியா வெச்சுக் கண்காணிக்கணும்."

மாடியில் ஒரு அறை காலியாக இருந்தது. ஜன்னலும் மின்விசிறியும் உள்ள நல்ல அறை. பெட்டியைக் கொண்டுபோய் அங்கிருந்த கட்டிலில் வைத்தார்கள். தரையில் வைத்தால் ஈரம் ஏறுமாம். பெட்டிக்கு அடியில் ஒரு விரிப்பும் போட்டார்கள். காலையும் மாலையும் பெட்டியின் நிலைமையைக் குறித்துவைக்க ஓர் ஆளும் நியமனமானார். வாசலில் நின்று இதை எட்டிப் பார்த்த கண்டக்டருக்கு வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் அட்டைப்பெட்டியின் மேல் பொறாமை வந்தது.

அன்று அவர் வீட்டுக்குப் போகவில்லை. டிப்போவின் மூலையில் ஓடாத பஸ் ஒன்று நின்றது. அதன் கடைசி சீட்டில் படுத்துக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டார்.

"ஏங்க, குரல் என்ன கிணத்துக்குள்ளேர்ந்து வருது?"

"ஒண்ணுமில்ல. எக்ஸ்ட்ரா ட்யூட்டி. ரெண்டு மூணு நாள் வர முடியாது."

"பொய் சொன்னா உங்களுக்கு மூக்கு அடைச்சுக்குமே, தெரியாதா எனக்கு?" என்றாள். பிறகு மெதுவாக, "வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"வந்துடுச்சு. ஆனா வரலையாம்" என்றார் கண்டக்டர். நடந்ததை எல்லாம் சொன்னார். அவள் பெட்டிக்கு விரிப்புப் போட்ட இடத்தில் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "வீட்டுக்கு வந்துடுங்க, நான் சமையல்கட்டுல படுத்துக்கறேன்" என்றாள். அவர் போனை வைத்துவிட்டார். அவளோடு வாதாடினால் தோற்றுவிடுவார் என்று அவருக்குத் தெரியும். அந்த ஒரு விஷயத்தில் அவர் தோற்கத் தயாராக இல்லை.

மறுநாள் டிப்போ மேனேஜர் வந்து ஜன்னலைத் தட்டினார். ஓடாத பஸ்ஸில் நோயாளி படுத்தால் கிருமிநாசினி அடிக்க வேண்டும், அதற்கு ஒதுக்கீடு இருக்கிறது. நோயாளி அல்லாதவர் படுத்தால் அது ஒழுங்கீனம், அதற்கு மெமோ இருக்கிறது. கண்டக்டர் எந்த வகை என்று வாரியத்திடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வரச் சொன்னார். டிரைவர்தான் வாரியம் வரைக்கும் கூட்டிப்போய் விட்டார். வழியெல்லாம், "எனக்கும் போன மாசம் ரெண்டாவது தடவ வந்துச்சுண்ணே. மச்சான் தோட்டத்துல மோட்டார் ரூம் இருக்கு. அங்க போய்ப் படுத்துக்கிட்டேன். வெளிய சொல்லாதீங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். கண்டக்டருக்கு மோட்டார் ரூம் வைத்திருக்கும் மச்சான் யாரும் இல்லை.

வாரியத்தில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே விளக்க அதிகாரி என்று ஒருவர் இருந்தார். மேஜை மேல் கண்ணாடி டம்ளரில் வெந்நீரும், கைக்குட்டைகள் நாலைந்தும் வைத்திருந்தார். பேச ஆரம்பிக்கும் முன் நன்றாக இருமினார்.

"தூசி" என்றார் கண்டக்டரிடம். "இந்தக் கட்டடமே தூசி. எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் இருக்கு. உக்காருங்க. உங்களுக்கு வந்திருக்கறது காய்ச்சல் இல்லய்யா. நினைவுக் காய்ச்சல்."

"அப்படின்னாங்க?"

"உடம்பு பழச நெனச்சுப் பாக்குது. போன வருஷம் இந்நேரம் நமக்குக் காய்ச்சல் வந்துச்சேன்னு ஏங்குது. நம்மள்ல சில பேரு பழைய வீட்டுப் பக்கமா நடந்து போறதில்லையா? அந்த மாதிரி. இது யாருக்கும் பரவாது. நீங்க தாராளமா வீட்டுக்குப் போகலாம்."

"என் வீட்டுக்காரிக்கு மாத்துக் கிட்னிங்க. அவளுக்குப் பரவுனா போயிடுவா. எனக்கு ஒரு கட்டில் குடுங்க, போதும். நினைவுக் காய்ச்சல்னே எழுதிக்குங்க."

விளக்க அதிகாரி முதல் முறையாக அக்கறையோடு நிமிர்ந்தார். "மாத்துக் கிட்னியா?" என்று கேட்டு எதையோ குறித்துக்கொண்டார். கண்டக்டருக்கு நம்பிக்கை பிறந்தது. மனுஷனுக்கு இரக்கம் இருக்கிறது என்று நினைத்து, மாத்திரைகளின் பெயர் முதற்கொண்டு டாக்டர் சொன்னது வரை எல்லாவற்றையும் ஒப்பித்தார். அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"இன்னொரு வழி இருக்கு" என்றார் பிறகு. "போன தடவ உங்களுக்கு வந்தது காய்ச்சலே இல்லன்னு எழுதிக் குடுங்க. அப்ப நீங்க மீண்டவரு இல்ல. இப்ப வந்திருக்கறதுதான் முதல் காய்ச்சல். கட்டில் குடுத்துடலாம்."

"குடுக்கறேங்க. பேனா குடுங்க."

"அவசரப்படாதீங்க. அப்ப மீண்டவரா இல்லாம இத்தன மாசம் காய்ச்சல் பஸ்ல கவசம் இல்லாம போயிருக்கீங்க. அது ஆறு மாசம் ஜெயில்."

"நான்தான் கவசம் கேட்டேனேங்க!"

"கேட்டீங்களா? அப்ப வாரியத்த நம்பலைன்னு ஆகுது. அது தனி" என்று சொல்லிவிட்டு அதிகாரி மறுபடியும் இருமினார். இந்த முறை இருமல் நிற்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்டக்டர் எழுந்து வெந்நீரை எடுத்து நீட்டினார். "ரெண்டாவது தடவையா சார்?" என்று மெதுவாகக் கேட்டார். அதிகாரி ஒரு மடக்குக் குடித்தார். வாசலைப் பார்த்தார். "மூணாவது" என்றார். உடனே குரலை உயர்த்தி, "தலைவர் உங்களப் பாக்கணும்னு சொல்லியிருக்காரு. நாளைக்கு ஆண்டு விழா. வந்துடுங்க" என்றார்.

அந்த ராத்திரியும் மேனேஜருக்குத் தெரியாமல் ஓடாத பஸ்ஸிலேயே கழிந்தது. தலைவரைப் பார்த்தால் கட்டில் கிடைத்துவிடும் என்று கண்டக்டர் நம்பினார். இல்லாவிட்டால் நிற்கவே முடியாத உடம்பைத் தூக்கிக்கொண்டு விழாவுக்குப் போயிருப்பாரா?

அரங்கத்தில் பூங்கொத்துகள், நாற்காலிகள், எல்லா நாற்காலியிலும் மீண்டவர்கள். பின்வரிசைகளில் யார் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தார்கள். கண்டக்டரை மேடைக்கு ஏற்றி, தலைவருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தார்கள். தலைவர் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, நம்ம நாட்டுல இந்தக் காய்ச்சல் ரெண்டாவது தடவ வந்தவங்க எத்தன பேரு? ஒருத்தர்கூட இல்ல. வெளிநாட்டுலேர்ந்து விஞ்ஞானிங்க வந்து கேட்டாங்க, எப்படி சாதிச்சீங்கன்னு. நான் சொன்னேன், ரொம்ப சுலபம்: ரெண்டாவது தடவ வர்றத நாங்க பதியறதில்ல. முதல்ல அவங்களுக்குப் புரியல. நான் விளக்கினேன். பதிஞ்சா எண்ணிக்கை வரும். எண்ணிக்கை வந்தா பயம் வரும். பயம் வந்தா எதிர்ப்பாற்றல் குறையும். எதிர்ப்பாற்றல் குறைஞ்சா காய்ச்சல் வரும். அப்ப காய்ச்சலுக்குக் காரணம் என்ன? பதிவு!"

கைதட்டல். நடுவே இருமல்கள்.

"ஒருத்தர்கூட இல்லைங்கற இந்த ஆதாரத்த வெச்சு, நிபுணர் குழு ஒரு முடிவுக்கு வந்திருக்கு. இன்னையிலேர்ந்து மீண்டவங்களோட எதிர்ப்பாற்றல் ஆயுளுக்கும் நீட்டிக்கப்படுது. குழுவுல சிலர் மூணு வருஷம் போதும்னு சொன்னாங்க. நான்தான் கேட்டேன், குடுக்கறதுதான் குடுக்கறோம், ஏன் கஞ்சத்தனம்?"

பிறகு தலைவர் கண்டக்டரின் தோளில் கை போட்டார். சட்டைக்கு மேலேயே சூடு தெரிந்திருக்க வேண்டும்; கையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இவரு மாசக்கணக்கா காய்ச்சல் பஸ்ல கவசம் இல்லாம நிக்கறாரு. ஆனா ஊர்ல சில பேரு மீண்டவங்களப் பாத்தா ஒதுங்கிப் போறாங்க. நீலப் பட்டையப் பாத்தா கதவச் சாத்தறாங்க. இந்த மூடநம்பிக்கைய ஒழிக்கணும். இவரோட மனைவி மாத்துக் கிட்னி வெச்சவங்க. எதிர்ப்பாற்றலே இல்லாதவங்க. இதைவிட நல்ல சாட்சி நமக்குக் கிடைக்குமா? இப்பவே இவர நம்ம காருல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம். ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்கவெச்சு ஒரு படம். அந்தப் படம் நாட்டுல எல்லா பஸ் ஸ்டாப்லயும் இருக்கும்!"

தான் கட்டிலுக்காக ஒப்பித்ததெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்பது கண்டக்டருக்கு அப்போதுதான் புரிந்தது. எழுந்து மைக்கைப் பிடித்தார். "ஐயா, எனக்குக் காய்ச்சல். வீட்டுக்கு வேண்டாம், ஒரு கட்டில்..." என்றார். தொண்டையிலிருந்து விசிலில் வந்த மாதிரி காற்றுத்தான் வந்தது. நன்றி சொல்லி நெகிழ்ந்துபோய்விட்டார் என்று தலைவர் விளக்கினார். அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது.

காரில் இரண்டு பக்கமும் இரண்டு ஊழியர்கள். முன்சீட்டில் விளக்க அதிகாரியும் புகைப்படக்காரரும். கண்டக்டர் வழி மாற்றிச் சொல்லிப் பார்த்தார். விலாசம் அவர்களிடம் இருந்தது. தெருவில் கார் நின்றதும் இரண்டு ஊழியர்களும் அவரைக் கைத்தாங்கலாக, அதாவது அவர் ஓடிவிடாதபடி, வாசலுக்கு நடத்திப் போனார்கள். அவர் நோயாளிகளைப் பஸ்ஸில் ஏற்றுவதும் இதே பிடியில்தான்.

"கதவத் தொறக்காத!" என்று கத்த நினைத்தார். பாதிதான் வெளியே வந்தது.

ஜன்னல் திறந்தது. மனைவி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தாள். உலர்ந்து வெடித்த உதட்டைப் பார்த்தாள், இரண்டு பக்கமும் பிடித்திருந்த கைகளைப் பார்த்தாள், காமிராவைப் பார்த்தாள். கண்டக்டர் தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று.

"அம்மா, கதவத் தொறங்க, உங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வந்திருக்கோம்" என்றார் விளக்க அதிகாரி. "பக்கத்துல நின்னு ஒரே ஒரு படம்."

"என் வீட்டுக்காரரா?" என்றாள் அவள். "அவரு ட்யூட்டிக்குப் போயிருக்காரே. இவரு யாருங்க?"

புகைப்படக்காரர் காமிராவை இறக்கினார்.

"என்னம்மா விளையாடறீங்களா? இவரு கண்டக்டர் இல்லையா?"

"இவர நான் பாத்ததே இல்ல. என் வீட்டுக்காரரு மீண்டவரு. அவருக்குக் காய்ச்சலெல்லாம் வராது. இந்த ஆளப் பாத்தா நோயாளி மாதிரி இல்ல இருக்கு? யாரோ ஒருத்தர இழுத்துட்டு வந்து வாசல்ல நிறுத்தி, கட்டிப் புடிக்கச் சொல்றீங்களே, உங்க வீட்டுப் பொம்பளைங்கள இப்படிச் சொல்வீங்களா?"

ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. முப்பது வருடம் கூட வாழ்ந்தவள் முகத்துக்கு நேராக யார் என்று கேட்டதும் கண்டக்டருக்கு அழுகை வந்துவிட்டது. அந்த நிமிடத்தில் அவளை அவருக்குப் பிடித்த அளவுக்கு அதற்கு முன் எப்போதும் பிடித்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் போட்டுக் கொடுத்த பாதையிலேயே நடந்தார்.

"ஆமாங்க. எனக்கும் இந்தம்மாவத் தெரியாது. இந்தப் பட்டை பஸ்ல கீழ கெடந்துச்சு. சும்மா எடுத்துக் கட்டிக்கிட்டேன். மன்னிச்சுடுங்க."

விளக்க அதிகாரியின் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. அப்படியானால் இந்தக் காய்ச்சல் மீண்டவருடையது இல்லை. எண்ணிக்கை பூஜ்யமாகவே இருக்கிறது. தலைவரிடம் போனில் கேட்டார். மேடையில் உட்கார்ந்திருந்தவர் உண்மையான கண்டக்டர் என்றும், காரில் ஏறியவர் வேறு ஆள் என்றும் முடிவாயிற்று. நடுவில் எங்கே மாறினார் என்று கண்டுபிடிக்க ஒரு குழு அமைக்கப்பட்டது. கண்டக்டரின் பட்டையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டார்கள். பட்டை இல்லாத, பெயர் சொல்லாத, காய்ச்சல் உள்ள ஆளைத் தெருவில் விட வாரியத்தின் விதிகளில் இடமில்லை. அன்று மாலையே அவருக்குத் தனி விடுதியில் கட்டில் கிடைத்தது. அட்டைப்பெட்டியைக் குணமாகிவிட்டதாக அனுப்பிவிட்டு, அந்த அறையையே கொடுத்தார்கள்.

கட்டில் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் போனைச் சாட்சிப் பொருள் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். கண்டக்டர் நர்ஸிடம் கெஞ்சினார்.

"தங்கச்சி, ஒரே ஒரு போன். ஒரு வீட்டுல ஒரு அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டுச் சொல்லு, போதும்."

"எந்த அம்மா?"

"மாத்துக் கிட்னி வெச்ச அம்மா. ஒரு கண்டக்டரோட சம்சாரம்."

"அவங்கதான் உங்கள யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டாங்களே. நீங்க ஏன் அவங்கள விசாரிக்கறீங்க? உங்களுக்குன்னு யாராவது இருந்தா சொல்லுங்கண்ணே, போட்டுத் தரேன்."

யாரும் இல்லை என்றார் கண்டக்டர். வேறு என்ன சொல்வது? உண்மையைச் சொன்னால் கட்டில் போகும். கட்டில் போனால் அவர் போகிற இடம் வீடு. அந்த ஒரே டம்ளர் டீ மட்டும் தொண்டையில் நின்றது. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருந்தது, பயம் இறங்கவில்லை. பகலெல்லாம் ஜன்னலோரம் நின்று, கீழே காய்ச்சல் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்களைப் பார்த்தார். அவள் இல்லை என்று தெரிந்ததும் போய்ப் படுத்துக்கொள்வார். அடுத்த பஸ் சத்தம் கேட்டதும் எழுந்து வருவார்.

ஒரு காலையில் பஸ் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டு நின்றது. டிரைவரே சீட்டை விட்டு இறங்கி வந்து, யாரையோ கைபிடித்து இறக்கினார். போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கியவள் அவர் மனைவி. டிரைவர் மாடியை நிமிர்ந்து பார்த்துவிட்டு உடனே குனிந்துகொண்டார்.

வரவேற்பு மேஜையைக் காற்றோட்டத்துக்காக வாசலிலேயே போட்டிருந்தார்கள். நேர்கீழே. பேசுவது எல்லாம் கேட்டது.

"அம்மா, யாருகிட்டேர்ந்து வந்திருக்கும்னு நெனைக்கறீங்க?" என்று கேட்டாள் கவுண்ட்டர் பெண். "உங்க வீட்டுக்காரரு மீண்டவருன்னு காட்டுது. அவருகிட்டேர்ந்துன்னா பரவி இருக்காது, உங்களத் திருப்பி அனுப்பிடணும். யோசிச்சுச் சொல்லுங்கம்மா." கடைசி வார்த்தைகளை அவள் அழுத்திச் சொன்னாள்.

கண்டக்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கத்த வாயெடுத்துவிட்டார். அவளை அனுப்பாதீர்கள், என்னிடமிருந்துதான், நான்தான் அவள் புருஷன். அதைச் சொன்னால் இரண்டு பேருமே வெளியே. புறங்கையைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அவள் மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பேசுவதற்குத் தேவையான மூச்சைச் சேர்த்துக்கொள்ளவே அவளுக்கு நேரம் பிடித்தது.

"வீட்டுக்காரருகிட்டேர்ந்து இல்லம்மா" என்றாள். "யாரோ ஒரு ஆளு. எனக்கு முன்னபின்ன தெரியாதவரு."

கவுண்ட்டர் பெண் தட்டினாள். பொத்தான் வந்தது. பெண்கள் பகுதி, வலது பக்கக் கட்டடம் என்றாள்.

மனைவி நடந்தாள். முற்றத்தைக் கடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றாள். ஒரு முறைகூட மேலே நிமிர்ந்து பார்க்கவில்லை.